மழைக்கு ஒரு மண், வெயிலுக்கு ஒரு மண்: பர்மா நஞ்சையில் மண் வளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெகு, தன்னட்பின், தாட்டோன், மோல்மேன் பக்கத்து நஞ்சைகளிலும் ஐராவதிக் கழிமுகத்திலும் நெல் செய்து, நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்தோ பச்சைப்பயறோ போடுகிற நம் குடியானவர்களுக்காக எழுதியது இது. அளவுகள் எல்லாம் ஏக்கர் கணக்கு. ஒரு தின் நெல் 46 பவுண்டு, அதாவது 20.9 கிலோ. பர்மா வீசை 1.63 கிலோ, தமிழ்நாட்டுப் பழைய வீசை 1.4 கிலோதான். உரக் கணக்குப் போடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நெல் நன்றாக விளைகிற வயலில் உளுந்து மட்டும் ஏன் சாண் உயரத்திலேயே நின்றுவிடுகிறது?

வயல் ஒன்றுதான், ஆனால் ஆடியில் இருந்த மண் வேறு, மார்கழியில் இருக்கிற மண் வேறு. நம் பக்கத்துக் களி பெரும்பாலும் புளிப்பு மண். காய்ந்த நிலையில் பி.எச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருக்கும். தண்ணீர் கட்டி மூன்று நான்கு வாரம் ஆனதும் மண்ணில் காற்று தீர்ந்துபோய், துருவாக இருந்த இரும்பு கரையும் இரும்பாக மாறுகிறது. அப்படி மாறும்போது அது புளிப்பைத் தின்றுவிடும்; பி.எச் தானாகவே 6.5 பக்கம் ஏறும். அதுவரை இரும்பு பிடித்து வைத்திருந்த மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அவிழ்ந்து வெளியே வரும். நெல்லுக்கு அது விருந்து.

தீபாவளி கழிந்து தண்ணீர் வடிந்து வயல் வெடிக்க ஆரம்பித்தால் கதை தலைகீழ். இரும்பு மறுபடி துருவாகி, மணிச்சத்தை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். புளிப்பும் திரும்பிவிடும். பி.எச் 5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். ஆகவே நெல் நன்றாக விளைந்ததை வைத்து 'மண்ணில் குறை இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் மூடி மறைத்த குறை, வெயில் காலத்தில் உளுந்தின் தலையில் விழுகிறது.

25 நாள் செடி ஒன்றை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் நுனிகள் தடித்து, குட்டையாக, பழுப்பேறி, சல்லி வேரே இல்லாமல் இருந்தால் அலுமினியம். ஆணிவேர் அரை அடி வரை நேராக இறங்கி, பிறகு 'ட' போலப் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் குற்றம் புளிப்பில் இல்லை. வருடா வருடம் தொழி உழவு (சேற்றுழவு) செய்து இறுகிப்போன அடித்தட்டு அது. அந்தத் தட்டு நெல்லுக்கு வேண்டும், தண்ணீரை நிறுத்துவதே அதுதான். அதனால் அதை உடைக்கப் போகாமல், ஈரம் மேலே இருக்கும்போதே பயறு முந்தி விதைத்துவிடுவதுதான் வழி.

மண் மாதிரி எப்போது எடுப்பது? எப்படி எடுப்பது?

நெல் அறுத்து, பயறு விதைப்பதற்கு முன் எடுத்தால் உளுந்தின் பார்வையில் மண் எப்படி என்று தெரியும். பங்குனி, சித்திரையில், முதல் மழைக்கு முன் எடுத்தால் மழைக்கால உரத்தைத் திட்டமிட நேரம் கிடைக்கும். எந்த மாதம் எடுத்தாலும் அடுத்த முறையும் அதே மாதம் எடுங்கள். ஒரு வருடம் சேற்றிலும் மறு வருடம் காய்ந்த நிலத்திலும் எடுத்த முடிவுகளை ஒப்பிட முடியாது.

ஒரே நிறம், ஒரே மேடு பள்ளம், ஒரே பயிர் உள்ள நிலத்தை ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு ஐந்து ஏக்கருக்கு மேல் போக வேண்டாம். மேட்டு வயலையும் ஓடையோரத்துப் பள்ளத்தையும் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு முடிவு வரும். துண்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 12 முதல் 15 இடத்தில் மேலே கிடக்கும் நெல் தாளையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' போலக் குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை இரண்டு விரல் தடிமனில் ஒரு சீவல் சீவிப் பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள தகர வாளி வேண்டாம். துத்தநாக அளவு பொய்யாக ஏறிவிடும். உரச் சாக்கும் ஆகாது.

வரப்போரம், மரத்தடி, எருக் குவியல் கிடந்த இடம், வைக்கோல் எரித்த இடம், மாடு கட்டிய இடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எடுங்கள். எல்லா மண்ணையும் கட்டி உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் கால்பகுதிகளை நீக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைச் செய்யுங்கள். நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிலோ அடுப்பு மேலோ காய வைத்தால் சில சத்துகளின் அளவு மாறிவிடும். பையின் மேல் வயலின் பெயர், ஆழம், தேதி, முந்திய பயிர், அடுத்த பயிர் எழுதுங்கள். அடுத்த பயிர் எழுதாத பைக்குச் சோதனைக்கூடம் நெல்லுக்கான பரிந்துரையைத் தந்துவிடக்கூடும்.

எங்கே அனுப்புவது என்பதை உங்கள் டவுன்ஷிப் விவசாயத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சோதனைத் தாள் வந்துவிட்டது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பி.எச். நெல்லுக்கு மட்டும் என்றால் 4.8 இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் அதைச் சரிசெய்யும். உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு பற்றி யோசியுங்கள்; 5-க்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது மணிச்சத்து. எந்த முறையில் அளந்தார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் எண் அதைப் பொறுத்தே பேசும். புளிப்பு மண்ணுக்கு 'பிரே' முறை, கார மண்ணுக்கு 'ஓல்சன்' முறை. நெல்லுக்கு ஓல்சனில் 5 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 5 பங்குக்கு)க் கீழே, பிரேயில் 7-க்குக் கீழே என்றால் குறைவு. எண்ணைக் கிலோவாக்க ஒரு கணக்கு: ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக் களிமண் சுமார் 800 டன் எடை. ஆகவே 1 பி.பி.எம் என்பது ஏக்கருக்கு 0.8 கிலோ. தாளில் தனிமமாகவும் உர மூட்டையில் ஆக்சைடாகவும் போட்டிருப்பார்கள், மணிச்சத்தை 2.29-ஆலும் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) 1.2-ஆலும் பெருக்கினால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி அளந்த எண்ணும், மண்ணைக் கூழாக்கிப் பிழிந்து அளந்த எண்ணும் வேறு. களிமண்ணில் முதல் எண்ணை ஏறக்குறைய 6-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். நெல் கூழ் முறையில் 3 (அலகு dS/m) வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் விளைச்சல் 12 சதவீதம் போல இறங்கும். உளுந்தும் பயறும் 2-க்கு மேலேயே தடுமாறும்.

கரிமச்சத்து களிமண்ணில் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வைக்கோலும் தழையும் வயலுக்குத் திரும்பவில்லை என்று அர்த்தம். சில தாள்களில் கரிமச்சத்துக்குப் பதில் கரிமப்பொருள் என்று இருக்கும். அதை 1.72-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கூடம் தூரம். வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

பி.எச் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 4 முதல் 7 வரை அரை அரை எண்ணாகக் காட்டுவது. ஒரு பங்கு உலர்ந்த மண், இரண்டரைப் பங்கு சுத்தமான மழைத் தண்ணீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் விட்டு, மேலே தெளிந்த நீரில் தாளை நனையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதில் சுண்ணாம்பு இருந்தால் ஏமாற்றும். மஞ்சள் தூள் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம்தான், ஆனால் மஞ்சள் காரத்துக்குத்தான் சிவக்கும். புளிப்பைக் காட்டாது.

மண்ணின் வாகு அறிய, ஈரமண்ணைப் பிசைந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாபோல் தள்ளுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு முன்பே முறிந்தால் இளக்க மண். 5 சென்டிமீட்டர் தாண்டியும் தொங்கினால் களி. இது தெரிந்தால்தான் சுண்ணாம்பின் அளவு தெரியும்.

கடலோரத்தார் ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியைக் கண்ணாடிக் கிளாஸில் மழைத் தண்ணீருக்குள் மெதுவாக வையுங்கள். ஆட்டக் கூடாது. கட்டி பொடிந்து அடியில் உட்கார்ந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போலப் புகைந்து நின்றால் மண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது. உப்பு இருக்கும்வரை கட்டி கலங்காது. மழை உப்பைக் கழுவிய பிறகுதான் கலங்கும். ஆகவே கோடையில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை பாருங்கள்.

வயலையே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா?

முடியும். எங்கள் கருத்தில் தாளைவிட நம்பகமான சாட்சி அதுதான். நடவின்போது, சராசரியான இடத்தில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் நான்கு பாத்திகள் பிரியுங்கள். நடுவே அரை முழ உயரத்துக்கு மேல் இறுகிய வரப்பு வேண்டும், உரத்தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசியக் கூடாது. ஒன்றுக்கு எல்லா உரமும். ஒன்றில் யூரியா இல்லை. ஒன்றில் டி-சூப்பர் (மணிச்சத்து உரம்) இல்லை. ஒன்றில் பொட்டாஷ் இல்லை. மற்ற எல்லாம் ஒன்றுபோலவே இருக்கட்டும்.

அறுப்பில் ஒவ்வொரு பாத்தியையும் தனியாக அடித்து, காய வைத்து எடை போடுங்கள். பாத்தியின் கிலோவை 7.75-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை தின் என்று வந்துவிடும். முழு உரப் பாத்தியில் 11 கிலோ, அதாவது 85 தின். பொட்டாஷ் இல்லாத பாத்தியிலும் 10.8 கிலோ என்றால் பொட்டாஷ் வாங்கிய பணம் இந்த வருடம் வீண். டி-சூப்பர் இல்லாததில் 9 கிலோதான் என்றால், எது பசித்திருக்கிறது என்று மண்ணே சொல்லிவிட்டது. அதே பாத்திகளைக் கலைக்காமல் பயறும் விதையுங்கள். நெல்லுக்கு ஒரு பதிலும் உளுந்துக்கு வேறு பதிலும் வருவதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

பாத்தி ஓரத்து இரண்டு வரிசையை எடையில் சேர்க்காதவர்கள், உள்ளே அறுத்த பரப்பைச் சதுர மீட்டரில் அளந்து, கிலோவை 194-ஆல் பெருக்கி அந்தப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு எவ்வளவு, எப்போது?

காலம்தான் இங்கே பெரிய தவறு. நெல் அறுத்து ஒரு வாரத்தில் உளுந்து விதைக்கிறோம். அந்த ஒரு வாரத்தில் சுண்ணாம்புக்கல் தூள் எதையும் செய்யாது. அது கரைய ஈரமும் மாதங்களும் வேண்டும். ஆகவே உளுந்துக்கான சுண்ணாம்பை வைகாசியில், முதல் உழவோடு போட்டுவிடுங்கள். மழைக்காலம் முழுவதும் அது மண்ணோடு கலந்து, கார்த்திகைக்குத் தயாராகும்.

களிமண்ணில் பி.எச் 5.0-லிருந்து 5.7 வரை ஏற்ற ஏக்கருக்கு 1 முதல் 1.5 டன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். மணல் சாரியான நிலத்துக்கு அதில் பாதி. ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் போடலாம். நீற்றிய சுண்ணாம்பு என்றால் முக்கால் பங்கு போதும், ஆனால் கையைப் பொசுக்கும், முகத்தில் துணி கட்டாமல் தூவக் கூடாது. தூள் மாவு போல இருக்க வேண்டும். பா-அன் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் கல்லே ஆனாலும், குருணை குருணையாக இருந்தால் பல வருடம் அப்படியே கிடக்கும். வாங்குமுன் ஒரு சிட்டிகையில் காடி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்க வேண்டும். டோலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும், அது போலி அல்ல. அதில் மக்னீசியமும் கிடைக்கும்.

சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்துப் போடாதீர்கள். அம்மோனியா மூக்கில் ஏறும்போது உங்கள் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரமாவது இருக்கட்டும். பி.எச் 6-க்கு மேல் தள்ளவும் வேண்டாம். துத்தநாகம் கட்டிப்போகும், செலவும் திரும்பி வராது.

உளுந்துக்கு டி-சூப்பரை வீசித் தெளித்தோம், பலனே தெரியவில்லை. ஏன்?

வீசும்போது உரமணி ஒவ்வொன்றும் இரும்பும் அலுமினியமும் நிறைந்த மண்ணோடு தனித்தனியாக மாட்டிக்கொள்கிறது. சால் பிடித்து விதைப்பவர்கள், விதைக்குப் பக்கத்தில் நான்கு விரல் தள்ளி, விதையைவிடச் சற்று ஆழத்தில் வரிசையாகப் போட்டால் மண்ணோடு உரசுவது குறையும். ஏக்கருக்கு அரை முதல் முக்கால் மூட்டை (25 முதல் 40 கிலோ) போதும். சோதனையில் மணிச்சத்து குறைவாக இருந்த வயலுக்கு ஒரு மூட்டை.

உழாமல் ஈரத்தில் தெளிப்பவர்களுக்கு அது முடியாது. அவர்களுக்கு இலைவழி டி.ஏ.பி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்): 4 கிலோ டி.ஏ.பியை முதல் நாள் மாலையே 20 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் அடிமண்டியைக் கலக்காமல் தெளிவை மட்டும் துணியில் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி ஓர் ஏக்கருக்கு அடியுங்கள். பூ எடுக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. மாலையில் அடியுங்கள், உச்சி வெயிலில் இலை கருகும். வடிக்காமல் ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துப் பாதி நாள் போய்விடும்.

பயறு தானே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே?

வேர்முடிச்சு வேலை செய்தால்தான். பூக்கும் தருணத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வெறும் கூலி வாங்கும் ஆள். முடிச்சே இல்லையென்றால் விதையில் ரைசோபியம் (முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்திருக்க வேண்டும்: ஆறிய கஞ்சியில் பொட்டலத்தைக் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதைப்பது. வெயிலில் வைத்த பொட்டலமும், பூசணக் கொல்லி கலந்த விதையும் அந்த உயிரியைக் கொன்றுவிடும். புளிப்பு நிலத்தில் முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் ரைசோபியம்.

நெல்லுக்கு எத்தனை மூட்டை யூரியா?

நெல் எடுத்துக்கொண்டு போவதிலிருந்து ஆரம்பியுங்கள். 80 தின், அதாவது 1,670 கிலோ விளைகிற ஓர் ஏக்கரில் பயிர் சுமார் 29 கிலோ தழைச்சத்து, 11 கிலோ மணிச்சத்து, 34 கிலோ சாம்பல்சத்து எடுக்கும். மண்ணும் ஒரு பங்கு கொடுக்கிறது. எவ்வளவு என்பதை மேலே சொன்ன யூரியா இல்லாத பாத்தி காட்டும். ஒரு மூட்டை யூரியாவில் 23 கிலோ தழைச்சத்து. பக்குவமாகப் போட்டால் ஒரு மூட்டை 16 முதல் 22 தின் வரை கூடுதலாகத் தரும். உங்கள் பாத்தி வித்தியாசம் 20 தின் என்றால் ஒரு மூட்டைக்கு மேல் தேடாதீர்கள்.

பக்குவம் என்பது இதுதான். ஒரே தடவையில் கொட்டாமல், நட்டு 10 முதல் 14 நாளில் ஒரு பங்கு, தூர் கட்டும்போது ஒரு பங்கு, கதிர் உருவாகும்போது ஒரு பங்கு. கதிர் உருவாவதைத் தண்டைப் பிளந்து பார்த்து அறியலாம்: அடிக்கணுவுக்கு மேலே வெள்ளைப் பஞ்சு முனை போல ஒரு பொட்டு, ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு. அந்தப் பொட்டு தெரிந்த வாரமே மூன்றாவது பங்கு.

நிறைந்த தண்ணீரில் நண்பகலில் வீசுவதுதான் மகா நஷ்டம். வெயிலில் பாசி, தண்ணீரிலுள்ள கரிக்காற்றை உறிஞ்சிவிடுவதால் பகலில் தண்ணீர் காரமாகி, யூரியா அம்மோனியாவாகப் பறந்துவிடும், பாதிகூடப் போகும். முடிந்தால் வடித்து, சேற்றில் தூவி, களை எடுக்கும்போது காலால் மிதித்து உள்ளே தள்ளி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள். ஆடி மழையில் வடிக்க வழியில்லாதபோது, மழை ஓய்ந்த ஒரு நாள் பார்த்து, மடையை அடைத்துவிட்டு, மாலையில் தூவுங்கள். இலை நனைந்திருக்கும்போது வேண்டாம்.

15-15-15 மட்டும் போட்டால் என்ன?

அடியுரமாகப் பரவாயில்லை. ஆனால் ஒரு மூட்டையில் ஒவ்வொன்றும் 7.5 கிலோதான். அதிலேயே தழைச்சத்தை ஈடுகட்டப் பார்த்தால் நான்கு மூட்டை ஆகும், தேவைப்படாத மற்ற இரண்டுக்கும் காசு கொடுத்ததாகும்.

வைக்கோலை எரித்தால் சாம்பல் உரம்தானே?

80 தின் வயலில் நெல்லோடு வெளியே போவது சாம்பல்சத்தில் சுமார் 5 கிலோதான். மீதி 29 கிலோ வைக்கோலில் நிற்கிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ. அதாவது ஓர் ஏக்கர் வைக்கோலுக்குள் முழுதாக ஒரு மூட்டை பொட்டாஷ் இருக்கிறது.

எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போகும், கந்தகத்திலும் நல்ல பங்கு போகும். மணிச்சத்தில் கால் பங்கு, சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிஞ்சிய சாம்பல் பரவியிருந்தால் உபயோகம்தான். ஆனால் நாம் எரிப்பது களத்தில், குவியலாக. வயல் முழுவதிலிருந்தும் வாரிய சத்து கட்டில் அளவு இடத்தில் சேர்கிறது. அடுத்த வருடம் அந்த இடத்தில் மட்டும் நெல் கரும்பச்சையாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அறுப்பு இயந்திரம் வரும் ஊரில் வைக்கோல் வரிசையாகக் கிடக்கும். அதைக் கிளறிப் பரப்பிவிட்டு அதன் ஊடே பயறு முளைக்க விடலாம், ஈரமும் காக்கும். மாட்டுக்கு வேண்டியது போக மிஞ்சியதை மட்க வைக்க, ஒரு டன் வைக்கோலுக்கு 8 கிலோ யூரியா அல்லது 200 கிலோ சாணத்தைக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, ஆள் மார்பளவு குவித்து, 15 நாளுக்கு ஒரு முறை புரட்டுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் நாற்றம் வரும். சொட்டே இல்லையென்றால் மட்காது. குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு வரவில்லை என்றால் ஈரமோ தழைச்சத்தோ போதவில்லை. இரண்டு, இரண்டரை மாதத்தில் தயாராகும்.

பச்சை வைக்கோலை உழுது உடனே நட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் சேர்த்துத் தின்று, நாற்று மஞ்சளாகி நிற்கும். உழுது மூன்று வாரமாவது விடுங்கள்.

பசுந்தாள் உரம் இங்கே ஒத்து வருமா?

சித்திரைக் கடைசியில் கோடை மழை விழுந்த வயலில் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளியுங்கள். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். சணப்பை தாங்காது, அது மேட்டு நிலத்துக்கு. 45 நாளில், பூப்பதற்கு முன், தண்டு கையால் ஒடிகிற பதத்தில் மடக்கி உழுங்கள். 20 முதல் 30 கிலோ தழைச்சத்து கிடைக்கும், ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். ஒரு வாரம் கழித்து நடலாம். பூத்த பிறகு உழுதால் தண்டு நாராகி, கலப்பையில் சுற்றும், மட்கவும் நாளாகும். மணிச்சத்துக்குக் கொடுக்க நினைத்த டி-சூப்பரில் பாதியைத் தக்கைப்பூண்டுக்கே கொடுங்கள். முடிச்சு நன்றாகக் கட்டும், அந்தச் சத்து நெல்லுக்குத் திரும்பவும் வரும்.

தொழுவுரம் எவ்வளவு?

ஏக்கருக்கு 5 டன். ஆறின எருவில் டன்னுக்கு 5 கிலோ தழைச்சத்து இருக்கலாம். திறந்த வெளியில் பர்மா மழையில் நனைந்த எருவில் அதில் பாதிகூட இராது. தலைக்கு மேல் கூரையோ, ஓலைக் கீற்றோ போடுங்கள். மாட்டு மூத்திரத்தை வைக்கோல் பரப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள், தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் பெரும்பங்கு அதில்தான்.

வயலில் தண்ணீர் எண்ணெய் மிதப்பது போல மினுங்குகிறது, இலை செம்பழுப்பாகிறது.

குச்சியால் அந்தப் படலத்தைத் தொடுங்கள். கண்ணாடித் தகடு போல உடைந்து பிரிந்தால் இரும்பு; சுழன்று மறுபடி கூடினால் எண்ணெய். இரும்பு மிகுந்த வயலில் ஒரு வாரம் தண்ணீரை வடித்து மண்ணைச் சற்று ஆறவிட்டு, பொட்டாஷ் அரை மூட்டை கொடுங்கள். சாம்பல்சத்து பற்றாத வேர் இரும்பைத் தடுக்க முடியாமல் திணறும்.

வடிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. கழிமுகத்துத் தாழ்ந்த நிலங்களில் அடிமண்ணைத் தோண்டினால் அழுகிய முட்டை வாடையும், காய்ந்ததும் வைக்கோல் நிற மஞ்சள் புள்ளிகளும் தென்பட்டால், அது கந்தகப் புளிப்பு மண். அதை ஆழமாக வடித்தாலோ, வாய்க்கால் தோண்டிய மண்ணை வயலில் பரப்பினாலோ, காற்றுப் பட்டு பி.எச் 4-க்குக் கீழே விழும், மீனும் சாகும். அங்கே தண்ணீர் கட்டியே வைத்திருப்பதுதான் மருந்து.

கடல் தண்ணீர் ஏறிய வயலை எப்படி மீட்பது?

2008 மே 2, 3 தேதிகளில் நர்கிஸ் புயல் கழிமுகத்தின் தாழ்ந்த வயல்களில் உப்பை ஏற்றிவிட்டுப் போனது. சிறிய அளவில் ஒவ்வொரு பெரிய கடல் ஏற்றத்திலும் அது நடக்கிறது. முதலில் கரையை அடைத்து மேலும் ஏறாமல் நிறுத்துங்கள். முதல் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள். அதில்தான் மேல்மண்ணின் உப்பு கரைந்திருக்கும், கடல் வற்றத்தின்போது மடையைத் திறந்து ஓட விடுங்கள். பிறகு அரை அடி தண்ணீர் கட்டி, தொழி உழுது, ஒரு நாள் தெளிய விட்டு, மேல்தண்ணீரை வடிப்பதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கலங்கிய சேறோடு வடித்தால் மேல்மண்ணே போய்விடும்.

கிளாஸ் சோதனையில் பால் போலக் கலங்கினால் ஜிப்சம் ஏக்கருக்கு 1 டன் அளவில் போட்டு, மழையில் வடிய விடுங்கள். கலங்காத உப்பு வயலுக்கு ஜிப்சம் தேவையில்லை, நல்ல தண்ணீர்தான் தேவை. அறுப்புக்குப் பின் வெறும் நிலமாக வெயிலில் காயப் போட்டால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். வைக்கோல் மூடாக்காவது கிடக்கட்டும்.

தாட்டோன், மோல்மேன் செம்மண் மேட்டு நிலம், ரப்பர்த் தோட்டம்?

மோல்மேன் பக்கம் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பொட்டாஷும் மக்னீசியமும் கழுவிக்கொண்டு போகும். ஒரே தடவையில் போடாமல், மழைக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும் இரண்டாகப் பிரித்து, மரத்தடியில் வட்டமாகக் கீறிப் போடுங்கள். மாதிரி 0-30, 30-60 சென்டிமீட்டர் என இரண்டு ஆழத்தில் எடுக்க வேண்டும். இளந்தோட்டத்தில் வரிசை நடுவே மூடு பயிராகப் பியூரேரியா விடுங்கள், மண் ஓடுவதைப் பிடிக்கும்.

கையில் ஒரு மூட்டைக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்குவது?

வைக்கோல் வயலிலேயே கிடக்கிறதென்றால் பொட்டாஷைத் தள்ளி வையுங்கள். மழைக்கால நெல்லில் அடி இலை வெளிறி, தூர் குறைவாக இருந்தால் யூரியா. அதையும் மூன்றாகப் பிரித்து. நெல் பச்சையாக இருந்து, போன வருடம் உளுந்து சாண் உயரத்தில் நின்றிருந்தால் டி-சூப்பர் வாங்கி, பாதியைச் சித்திரைத் தக்கைப்பூண்டுக்கும் பாதியைக் கார்த்திகை உளுந்தின் வரிசைக்கும் கொடுங்கள். ஆனால் பி.எச் தாள் 5-க்குக் கீழே காட்டினால் அந்தப் பணத்துக்கு எந்த உரமும் வாங்காதீர்கள். எத்தனை வீசை வருமோ அத்தனை சுண்ணாம்புத் தூள் வாங்கி, அந்த அளவுக்கு ஏற்ற ஒரு மூலை நிலத்தில் மட்டும் முழு அளவாகப் போட்டு, அங்கே உளுந்து விதைத்து, பக்கத்து நிலத்தோடு எடை போட்டுப் பாருங்கள்.